நீலம் கேட்கும் பாசி

புதுச்சேரியின் ஏம்பலத்தில் சித்திரை மாத நண்பகல். அறுவடை முடிந்த வயலின் நடுவே லக்ஸ் மானியை நீட்டினால் முள் ஒரு லட்சத்தைத் தொடும். அதே மானியை ஊருக்குள் ஒரு வீட்டின் கூடத்துக்குக் கொண்டுவந்து, ஜன்னலுக்குப் பத்தடி தள்ளி வைத்தால் சில நூறுதான் காட்டும். வெளிச்சம் நூறு மடங்குக்கு மேல் குறைந்துவிட்டது. ஆனால் அந்தக் கூடத்தில் உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பவருக்கு எந்தச் சிரமமும் இல்லை. மனிதக் கண்மணி விரிந்து கொடுக்கிறது, மூளை மீதியைச் சரிக்கட்டிக்கொள்கிறது.

பவளத்துக்கு அந்த வசதி கிடையாது. வெளிச்சம் குறைந்தால் அதன் சாப்பாடு குறையும். கடலிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருக்கும் இந்த நெல் ஊரில் ஒருவர் தன் கூடத்தில் பவளத் தொட்டி வைக்க நினைக்கிறார் என்று கொள்வோம். உப்புநீர், பம்பு, மீன் எல்லாவற்றுக்கும் முன்னால் அவர் தீர்மானிக்க வேண்டியது தொட்டிக்கு மேலே தொங்கப்போகும் விளக்கை. கடையில் அவர் கேட்கப்போகும் முதல் கேள்வி பெரும்பாலும் “எத்தனை வாட்?” என்பதாகத்தான் இருக்கும். அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில் மின்சாரக் கட்டணத்தைச் சொல்லும். பவளம் பிழைக்குமா என்பதைச் சொல்லாது.

யாருக்காக இந்த விளக்கு?

பவளம் ஒரு விலங்கு. வாயும் வயிறும் அதைச் சுற்றிக் கொடுக்குகளும் கொண்ட பாலிப் என்னும் சிற்றுயிர்கள் ஆயிரக்கணக்கில் ஒட்டி வாழும் கூட்டம் அது. விலங்குக்கு வெளிச்சம் எதற்கு? அதன் திசுவுக்குள் ஒற்றைச் செல் பாசிகள் குடியிருக்கின்றன. ஒரு சதுர சென்டிமீட்டர் பவளத்தில் பத்து லட்சம் வரைகூட இருக்கும். இவை டைனோஃபிளாஜெல்லேட் என்னும் கடல்வாழ் வகையைச் சேர்ந்தவை என்று ஜப்பானிய உயிரியலாளர் சிரோ கவகுடி 1944-ல் நிறுவினார்.

பாகூர் வட்டாரத்து வாரக் குத்தகையை அறிந்தவர்களுக்கு இந்த உறவு எளிதில் புரியும். பாசி பயிர் செய்கிறது. பவளம் இடம் கொடுக்கிறது, தன் கழிவிலிருந்து உரமும் கொடுக்கிறது. வாரம்தான் கொஞ்சம் கடுமை. பாசி ஒளிச்சேர்க்கையில் உண்டாக்கும் உணவில் பெரும்பங்கைப் பவளம் எடுத்துக்கொள்கிறது. பல வகைகளில் பவளத்தின் அன்றாட ஆற்றல் தேவையில் 90 சதவீதம் வரை இந்த வழியில் கிடைத்துவிடுகிறது.

கூடு கட்டும் வேலையும் வெளிச்சத்தோடு பின்னியதே. ஜமைக்காவில் ஆய்வு செய்த தாமஸ் கோரோ, கதிரியக்கக் கால்சியத்தைப் பயன்படுத்தி, பவளங்கள் இருட்டில் சேர்ப்பதைவிட வெளிச்சத்தில் பல மடங்கு வேகமாகச் சுண்ணாம்பைச் சேர்க்கின்றன என்று 1959-ல் காட்டினார். ஆக, தொட்டிக்கு மேலே தொங்கும் விளக்கு உண்மையில் பவளத்துக்கானது அல்ல, பாசிக்கானது. அந்தப் பாசிக்கு எந்த நிற ஒளி, எவ்வளவு, எத்தனை மணி நேரம் வேண்டும் என்று தெரிந்தால் விளக்குத் தேர்வில் பாதி முடிந்தது.

கடல் வடிகட்டிய வெயில்

கடல்நீர் எல்லா நிறங்களையும் ஒரே மாதிரி விழுங்குவதில்லை. சிவப்பு முதல் சில மீட்டர்களிலேயே மங்கிவிடும். பத்து மீட்டர் ஆழத்தில் அது ஏறத்தாழ இல்லை. தெளிந்த கடலில் மிக ஆழம் வரை போவது நீலம். கோடிக்கணக்கான ஆண்டுகள் இந்த வடிகட்டிய ஒளியில் வாழ்ந்த பாசியும் அதற்கேற்ற நிறமிகளை வைத்திருக்கிறது. குளோரோஃபில் ‘ஏ’, குளோரோஃபில் ‘சி2’, இவற்றோடு பெரிடினின் என்னும் செம்பழுப்பு நிறமி. மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய 400 முதல் 550 நானோமீட்டர் வரையிலான ஊதா, நீலம், நீலப்பச்சை ஒளியை நன்றாகப் பிடிக்கின்றன. பவளத் தொட்டி விளக்குகள் நீலம் தூக்கலாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

எல்லாப் பவளமும் ஆழ்கடல் நீலத்தில் வாழ்வதாக நினைத்துவிடவும் கூடாது. ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் வரிசையாக அமைந்த 21 தீவுகளைச் சுற்றி நூற்றுக்கு மேற்பட்ட கடினப் பவள வகைகள் பதிவாகியுள்ளன. அங்கே நீர் அடிக்கடி கலங்கும். வண்டல் கலந்த நீரில் ஒளி ஆழமாக இறங்காது. அதனால் அங்குள்ள பவளங்களில் பெரும்பகுதி அரை மீட்டரிலிருந்து மூன்று மீட்டர் வரையிலான ஆழத்திலேயே குடியிருக்கிறது. அந்த ஆழத்தில் வெயிலின் எல்லா நிறங்களும் ஓரளவு கிடைக்கும். நம் பக்கத்துக் கடலே சொல்லும் பாடம் இது: நீலம் அடிப்படை, அதோடு கொஞ்சம் வெள்ளை கலந்தால் பவளத்துக்குக் கேடு இல்லை, பார்ப்பவர் கண்ணுக்கும் நல்லது.

பவள ஆய்வுகளுக்குத் தமிழகக் கடற்கரையில் நீண்ட வரலாறு உண்டு. 1947-ல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையிடம் முன்பு மண்டபத்தில்தான் இருந்தது. பவள ஆய்வாளர்கள் இன்றும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடும் உலகப் பவளப்பாறைக் கருத்தரங்குகளின் வரிசையில் முதலாவதாக எண்ணப்படுவது, 1969 ஜனவரியில் அதே மண்டபம் முகாமில் நடந்த கூட்டம்தான்.

எதை அளப்பது?

விளக்குப் பெட்டியின் மீது மூன்று எண்கள் இருக்கும். வாட் என்பது விளக்கு தின்னும் மின்சாரம். கெல்வின் என்பது ஒளியின் தோற்றம்: 6,500 என்றால் பகல் வெள்ளை, 14,000 என்றால் நீலம் கலந்த வெள்ளை, 20,000 என்றால் நல்ல நீலம். லூமென் அல்லது லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்கு எவ்வளவு பளிச்சென்று தெரிகிறது என்பது. நம் கண் மிக அதிகமாக உணர்வது 555 நானோமீட்டரில் உள்ள மஞ்சள் கலந்த பச்சையை. பாசி விரும்பும் 450 நானோமீட்டர் நீலத்தை அது மிகக் குறைவாகவே உணர்கிறது. அதனால் பவளத்துக்கு மிகப் பொருத்தமான நீல விளக்கு லக்ஸ் மானியில் சோப்ளாங்கியாகத் தெரியும். தெருவிளக்குக்கு உரிய மஞ்சள் விளக்கு பலசாலியாகத் தெரியும்.

பாசியின் பக்கம் நின்று அளப்பது பி.ஏ.ஆர். என்னும் அளவு. 400 முதல் 700 நானோமீட்டருக்குள் ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு எத்தனை ஒளித்துகள்கள் விழுகின்றன என்பதை மைக்ரோமோலில் சொல்வது அது. வெயிலுக்கு மட்டும் ஒரு எளிய மாற்று உண்டு. லக்ஸை 54-ஆல் வகுத்தால் பி.ஏ.ஆர். வந்துவிடும். ஏம்பலத்து வயலில் பார்த்த ஒரு லட்சம் லக்ஸ், சுமார் 1,850. கூடத்தின் சில நூறு லக்ஸ், பத்துக்கும் கீழே. நீல விளக்குக்கு இந்த 54 பொருந்தாது.

தொட்டிக்காரர்கள் அனுபவத்தில் கண்ட அளவுகள் இவை. காளான் பவளம் போன்றவற்றுக்கு 50 முதல் 100 மைக்ரோமோல். தோல் பவளம், ஸோவாந்திட் முதலியவற்றுக்கு 75 முதல் 150. பெரிய பாலிப் கொண்ட கடினப் பவளங்களுக்கும் ஏறத்தாழ அவ்வளவே. கிளைகிளையாக வளரும் அக்ரோபோரா போன்ற சிறு பாலிப் கடினப் பவளங்கள் மட்டும் 250 முதல் 400 வரை கேட்கும். உச்சி வெயிலின் 1,850-ஐ எந்தத் தொட்டியும் எட்ட வேண்டியதில்லை. ஒரு அளவுக்கு மேல் பாசியின் ஒளிச்சேர்க்கை கூடாது. அதற்கும் மேலே போனால் மிஞ்சும் ஆற்றல் நச்சு ஆக்சிஜன் மூலக்கூறுகளாக மாறித் திசுவைத் தாக்கும். பவளம் பாசியை வெளியே தள்ளி வெளுத்துப்போகும்.

சட்டம் குறைக்கும் வாட்

வெளிநாட்டு வழிகாட்டி நூல்கள் அக்ரோபோராவை மனத்தில் வைத்தே விளக்கைப் பரிந்துரைக்கின்றன. இந்தியாவில் அந்தக் கணக்கு செல்லாது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-ல் பவளங்கள் சேர்க்கப்பட்டன. பாறை கட்டும் கடினப் பவளங்கள் அனைத்தும், கரும்பவளம், நெருப்புப் பவளம், குழாய்ப் பவளம், கடல் விசிறிகள் எல்லாம் அதில் அடக்கம். புலிக்கும் யானைக்கும் உள்ள அதே அட்டவணை. உயிருள்ளதை மட்டுமல்ல, செத்த பவளத் துண்டை அலங்காரத்துக்கு வைத்திருப்பதும் குற்றம். தொட்டிக்குள் அடுக்குவதற்குப் பவளக்கல்லுக்குப் பதில் செயற்கைக் கல்லையே வாங்க வேண்டும்.

இந்தக் கண்டிப்புக்குப் பின்னால் சொந்த அனுபவம் இருக்கிறது. தூத்துக்குடிக் கடலில் சுண்ணாம்புக்காகப் பல பத்தாண்டுகள் பவளம் வெட்டியெடுக்கப்பட்டது. அலையைத் தாங்கி நின்ற பாறை போனதும் தீவுகள் அரித்தன. அந்த 21 தீவுகளில் விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு நீருக்குள் மூழ்கின. அந்தப் பகுதி 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்கிருந்து ஒரு கூழாங்கல்லைக்கூட எடுத்துவரும் உரிமை யாருக்கும் இல்லை. கடினப் பவளங்கள் உலக அளவில் வன உயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலிலும் உள்ளன. 2022-ல் திருத்தப்பட்ட இந்தியச் சட்டம், அந்த ஒப்பந்தப் பட்டியல்களையும் தனக்குள் சேர்த்துக்கொண்டது.

தோல் பவளம், ஸீனியா, ஸோவாந்திட், காளான் பவளம் போன்றவை 2001-ல் சேர்க்கப்பட்ட அந்த வரிசையில் இல்லை. வீட்டுத் தொட்டிக்கு மிஞ்சுவது இந்தக் கூட்டம்தான். அவற்றையும் எங்கிருந்து வந்தவை என்பதற்கான ரசீதும் ஆவணமும் பார்த்தே வாங்க வேண்டும். மீனுக்கும் இதே எச்சரிக்கை நல்லது. மண்டபத்திலும் பரங்கிப்பேட்டையிலும் கோமாளி மீனைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைக்கும் முறைகள் வந்துவிட்டதால், கடலிலிருந்து பிடித்த மீன்தான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

விளக்கு வாங்குபவருக்கு இதில் ஒரு லாபம் ஒளிந்திருக்கிறது. மிக அதிக ஒளி கேட்கும் அக்ரோபோரா பட்டியலில் இருந்து போய்விட்டதால் 400 மைக்ரோமோலுக்கு விளக்கு தேட வேண்டாம். 150 போதும். ஒளி குறைந்தால் வாட் குறையும். வாட் குறைந்தால் நீர் சூடாவது குறையும். புதுச்சேரி வெயிலில் அந்தக் கடைசி வரிக்குத்தான் மதிப்பு அதிகம்.

வெயிலிலிருந்து எல்.இ.டி. வரை

ஏன் விளக்கே வேண்டும், முற்றத்து வெயிலில் தொட்டியை வைத்தால் என்ன? இதைச் செய்து காட்டியவர் உண்டு. ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், கடல்நீர், உயிருள்ள கற்கள், காற்றுக் குமிழ், சூரிய ஒளி இவற்றை மட்டும் வைத்துப் பவளத் தொட்டிகளைப் பராமரித்து 1961-ல் அதைப் பற்றி எழுதினார். நம்மைப் போன்ற வெப்பமண்டலத்துக்காரர். ஆனாலும் கோடையில் 38 பாகையைத் தாண்டும் ஊரில், கண்ணாடித் தொட்டியின் மீது நேர் வெயில் விழுந்தால் சில மணி நேரத்தில் நீர் பவளம் தாங்கும் எல்லையைக் கடந்துவிடும். மழைக்கால மேகத்தில் ஒளி திடீரென்று சரியும். கண்ணாடி முழுக்கப் பச்சைப் பாசி படர்வது வேறு.

விளக்குகளில் முதலில் கோலோச்சியது மெட்டல் ஹாலைடு. ஒரே புள்ளியிலிருந்து வரும் வலுவான ஒளி. நீரில் அலையாடும்போது அடியில் நெளியும் வெளிச்சக் கோடுகளின் அழகு அதற்கே உரியது. ஆனால் 250 வாட் விளக்கு எட்டு மணி நேரம் எரிந்தால் நாளுக்கு 2 யூனிட், மாதத்துக்கு 60. கக்கும் சூட்டை இறக்க சில்லர் ஓடும் கணக்கு தனி. அடுத்து வந்த டி-5 குழல் விளக்குகள் ஒளியைச் சமமாகப் பரப்பின, நிழல் விழுவது குறைந்தது. ஆனால் குழலின் ஒளி தேய்ந்துகொண்டே போவதால் ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

எல்.இ.டி. இந்தத் துறைக்குள் வரப் பல காலம் தடையாக நின்றது நீல நிறம்தான். சிவப்பு எல்.இ.டி. 1960-களிலேயே வந்துவிட்டது. பிரகாசமான நீலம் கைக்கு எட்ட 1990-கள் ஆயின. அதற்காக இசாமு அகசாகி, ஹிரோஷி அமனோ, ஷூஜி நகமுரா மூவரும் 2014-ல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றார்கள். பவளப் பாசி கேட்கும் 450 நானோமீட்டரை ஒட்டியே அந்த நீலமும் அமைந்தது. இப்போது 80 வாட் எல்.இ.டி. எட்டு மணி நேரத்துக்கு 0.64 யூனிட்தான் கேட்கிறது. மாதத்துக்கு 19 யூனிட்டைச் சுற்றி வரும்.

ஏம்பலத்துக் கூடத்துக்கு ஒரு கணக்கு

இரண்டரை அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் கொண்ட தொட்டி சுமார் 160 லிட்டர் பிடிக்கும். மென்பவளங்களுக்கு இதன் மேல் 60 முதல் 100 வாட் வரையிலான, பவளத்துக்கென்றே செய்த எல்.இ.டி. போதும். சென்னை கொளத்தூர்க் கடைகளிலோ வேறெங்கோ பார்க்கப் போகிறவர் வாட்டை விட்டுவிட்டு வேறு நான்கைக் கேட்கலாம்.

முதலாவது, நீலமும் வெள்ளையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும்படி இருக்கிறதா? ஒரே சுவிட்சில் எல்லாம் எரியும் விளக்கு மலிவாகக் கிடைக்கும். பின்னால் கையைக் கட்டிப்போடும். இரண்டாவது, ஒளி எவ்வளவு அகலத்துக்குப் பரவுகிறது? குறுகிய லென்ஸ் போட்ட விளக்கு நடுவில் 300-ஐயும் ஓரத்தில் 40-ஐயும் கொடுக்கும். நடுவில் இருப்பது வெளுக்கும், ஓரத்தில் இருப்பது ஒளியைத் தேடிக் கழுத்தை நீட்டும். மூன்றாவது, உப்புக் காற்றைத் தாங்குமா? ஏட்டுக் கணக்கில் எல்.இ.டி. 50,000 மணி நேரம் வரும், அதாவது நாளுக்கு எட்டு மணி வீதம் 17 ஆண்டு. நடைமுறையில் அதற்கு வெகு முன்பே உப்புப் படிந்து விசிறியும் மின்சாரம் ஊட்டும் டிரைவர் சுற்றும் போய்விடும். நான்காவது, அவற்றை மாற்றித் தர ஆள் இருக்கிறதா?

பி.ஏ.ஆர். மானி விலை அதிகம். கைபேசியின் லக்ஸ் செயலியை வைத்து உண்மையான அளவைக் கண்டுபிடிக்க முடியாது, ஒப்பிட முடியும். ஒரே விளக்கின் கீழே ஓரிடத்தில் 9,000-மும் இன்னோரிடத்தில் 3,000-மும் காட்டினால், இரண்டாம் இடத்தில் பாசிக்குக் கிடைப்பதும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். காளான் பவளம் அங்கே, தோல் பவளம் இங்கே என்று இடம் பிரிக்க இது போதும்.

தண்ணீரும் விளக்கோடு சேர்ந்த விஷயம். புதுச்சேரியின் கடலோரப் பகுதிகளில் நிலத்தடி நீரில் உப்பேறுவது நெடுநாள் பிரச்சினை. போர் தண்ணீரில் கரைந்துள்ளவை தொட்டியில் வேண்டாத பாசியை வளர்க்கும். பிறகு பழி விளக்கின் மேல் விழும். ஆர்.ஓ. நீரில் உப்புக் கலந்து தொடங்குவதே வழி. ஆவியாகிக் குறையும் நீரையும் ஆர்.ஓ. நீராலேயே ஈடுகட்ட வேண்டும்.

மின்னும் நிறங்கள்

கடையில் தனி நீல ஒளியில் ஒரு பவளம் பச்சையாகவும் ஆரஞ்சாகவும் மின்னும். வீட்டுக்கு வந்து வெள்ளை ஒளியில் பார்த்தால் வெறும் பழுப்பு. கடைக்காரர் ஏமாற்றவில்லை. பவளத் திசுவில் உள்ள ஒளிர்புரதங்கள் நீலத்தை உறிஞ்சி, பச்சையாகவோ சிவப்பாகவோ திருப்பி விடுகின்றன. வெள்ளை வெளிச்சத்தில் அந்த மெல்லிய ஒளிர்வு அமுங்கிப்போகிறது. பழுப்பு என்பது பாசியின் சொந்த நிறம், ஆரோக்கியத்தின் அடையாளமும்கூட.

இந்தப் புரதங்களில் பச்சையை ஒரு ஜெல்லி மீனிலிருந்து 1962-ல் பிரித்தெடுத்தவர் ஒசாமு ஷிமோமுரா. அதற்காக 2008-ல் வேதியியல் நோபலைப் பகிர்ந்துகொண்டார். சிவப்பு நீண்ட நாள் கிடைக்கவில்லை. 1999-ல் அதை ரஷ்ய ஆய்வாளர்கள் கண்டறிந்தது கடலில் அல்ல, மாஸ்கோவின் மீன்தொட்டிகளில் வளர்ந்த பவள உயிரிகளில். அவற்றில் ஒன்றான டிஸ்கோசோமா, வீட்டுத் தொட்டியில் மிக எளிதாக வளரும் காளான் பவளம். புற்றுநோய்ச் செல்லையும் நரம்புச் செல்லையும் ஒளிரவைத்துப் பின்தொடர உலகெங்கும் ஆய்வகங்களில் அந்தச் சிவப்பும் அதன் வாரிசுகளும் பயன்படுகின்றன.

மெல்ல ஏற்றுவது, மே மாதத்தில் இறக்குவது

புது விளக்கை முதல் நாளே முழு வலுவில் எரியவிடக் கூடாது. பாசி தன் நிறமியின் அளவை ஒளிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளும். அதற்கு வாரக்கணக்கில் நாள் பிடிக்கும். 30 சதவீதத்தில் தொடங்கி வாரத்துக்கு ஐந்து சதவீதமாக ஏற்றுவது பாதுகாப்பானது. பவளம் கரும்பழுப்பானால் ஒளி போதவில்லை, வெளிறினால் மிகுதி. ஒரு சூட்சுமமும் உண்டு. நாளாக நாளாகத் தொட்டிநீர் லேசாக மஞ்சள் பூக்கும், அந்த மஞ்சள் நீலத்தை விழுங்கும். திடீரென்று கரி வடிகட்டி போட்டு நீரைத் தெளியவைத்தால், விளக்கைத் தொடாமலேயே ஒளியைக் கூட்டியதாகிவிடும். அந்த வாரம் விளக்கைச் சற்றுக் குறைத்துவிடுவது நல்லது.

புதுச்சேரியில் பகல் மார்கழியில் ஏறத்தாழ பதினொன்றரை மணி நேரம், ஆனியில் பதின்மூன்றுக்குச் சற்றுக் குறைவு. தொட்டிக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் போதும், டைமர் பார்த்துக்கொள்ளும். இரவு இருட்டாகவே இருக்கட்டும். பவளங்கள் நிலவொளியின் நாள்காட்டியைக் கவனிப்பவை. லண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகத்தில் சூரியன், நிலவு, வெப்பம் மூன்றின் ஆண்டுச் சுழற்சியையும் தொட்டிக்குள் அமைத்துக் கொடுத்து அக்ரோபோராவை முட்டையிட வைத்ததை 2017-ல் அறிவித்தார்கள்.

மின்வெட்டில் இன்வெர்ட்டர் தாங்க வேண்டியது விளக்கை அல்ல, நீரைச் சுழற்றும் பம்பை. ஒரு நாள் முழுக்க இருட்டைப் பவளம் பொறுத்துக்கொள்ளும், கடலிலும் மேகம் கவிந்த நாட்கள் உண்டு. நீர் நின்றால் ஆக்சிஜன் சில மணி நேரத்தில் தீரும்.

கடைசிக் கவனம் மே மாதத்துக்கு. தொட்டிநீர் 25 முதல் 27 பாகைக்குள் நிற்பது நல்லது. கூடமே 34-ஐத் தொடும் நாளில், நீரின் மேல் ஓடும் விசிறி இரண்டு மூன்று பாகையை இறக்கலாம். புழுக்கத்தில் அதுவும் முடியாது. சூடும் கடும் ஒளியும் சேர்ந்து வரும்போதுதான் பவளம் வெளுக்கிறது. மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் பெரிய அளவில் நடந்த வெளுப்புகள் கோடையில் கடல் 30 பாகையைத் தாண்டியபோது வந்தவை. சூட்டைக் குறைக்க முடியாத நாளில் மற்றதைக் குறைக்கலாம். நீர் 28-ஐத் தாண்டினால் விளக்கின் வலுவில் கால் பங்கையும், எரியும் நேரத்தில் இரண்டு மணி நேரத்தையும் வெட்டிவிட்டு, வெப்பம் தணிந்த பின் பழையபடி வாரத்துக்கு ஐந்து சதவீதமாக ஏற்றிக்கொள்ளலாம். சில்லர் வாங்கும் வசதி இல்லாதவரிடம் உள்ள கடைசி வெப்பத் தடுப்பு, அந்த விளக்கைக் குறைக்கும் திருகுதான்.